கரி பூசிய எழுத்து

பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து எளிதிற் புலனாகாது. அதன்மேற் கரியைப் பூசித் துடைத்தால் நன்கு துலங்கும். இஃது இளமையில் யான் கற்ற பாடம். முதுமையில் அதனை மறந்தேன்.

சென்ற ஆண்டு, உதவித்தொகை வேண்டிய ஏழை மாணவர் நால்வரின் விவரங்களை இணைய ஆவணம் ஒன்றில் தொகுத்தேன். அவர்தம் ஆதார் எண்களின்மேற் கருநிறம் பூசி, ஆவணத்தின் இணைப்பைப் பலருக்கும் அனுப்பினேன். மாலையில் என் பெயர்த்தி அக்கருமையைப் படியெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டினாள். 12 இலக்கங்களும் தெளிவாகத் தோன்றின! நாணினேன். அவ்வெண்கள் என்னுடையன அல்ல. என்னை நம்பியோர் அளித்தவை. உடனே இணைப்பை மூடினேன். அதற்குள் கண்டவர் எத்துணையர்? யான் அறியேன்.

மாணவர்களே! மறைத்தல் வேறு; நீக்குதல் வேறு. பிறர் காணத் தகாததை அறவே நீக்குங்கள். ஆவணம் தன் பழைய வடிவங்களையும் காத்து வைக்கும். ஆதலின் நீக்கிய பின் புதுப்படி எடுத்தே அனுப்புங்கள். இணைப்புப் பெற்ற எவரும் காணலாம் என்றிராமல், உரியவர்க்கு மட்டுமே வழி திறவுங்கள். இறுதி 4 இலக்கங்களை மட்டும் காட்டும் ஆதார்ப் படியும் உண்டு. இயன்றவிடத்து அதனையே அளியுங்கள்.

பிறர் நம்பித் தந்ததைப் பேணுதலும் கற்றவர் கடனே.