இருக்கையின் உயரம்

மகிழுந்து வாங்கச் செல்வோர் இருமுறை தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எந்த வண்டி என்பது முதல் தேர்வு. அதற்கு ஊரும் உறவும் தாராளமாக யோசனை சொல்லும். அந்த வண்டியில் எந்த வகை என்பது இரண்டாம் தேர்வு. அதற்கு யோசனை சொல்வோர் மிகக் குறைவு. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் வண்டி, உள்ளே அமைந்த வசதிகளைப் பொறுத்து மூன்று, நான்கு வகைகளாக விற்கப்படுகிறது. வேரியன்ட் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்று ஒரு நிறுவனமும், ஈரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா என்று மற்றொரு நிறுவனமும் தம் வகைகளுக்குப் பெயர் சூட்டின. எது உயர்ந்தது, எது எளியது என்பதைப் பெயரிலிருந்து அறிய வழியில்லை. இடுகுறிப்பெயருக்கு இவற்றைவிட நல்ல சான்று முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

எங்கள் ஊர் ரிஷிவந்தியம். என் மனைவியும் ஆசிரியர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அருகிலுள்ள பள்ளி ஒன்றுக்கு அவருக்குப் பணிமாறுதல் கிடைத்தது. தியாகதுருகம் சென்று, கள்ளக்குறிச்சியில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து மலை ஏற வேண்டும். மூன்று பேருந்துகள். மாலையில் மலையிலிருந்து இறங்கும் பேருந்தைத் தவறவிட்டால் வீடு சேர இரவாகிவிடும். மழைக்காலத்தில் பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிறது என்பார். ஓட்டுநர் உரிமம் அவரிடம் முன்பே இருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து அதே பள்ளிக்குச் செல்லும் ஆசிரியைகள் இருவர் எரிபொருள் செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தனர். ஆகவே சிறிய மகிழுந்து ஒன்று வாங்குவதென முடிவாயிற்று.

சிறிய மகிழுந்து என்பதற்கு நம் நாட்டில் துல்லியமான ஓர் அளவு உண்டு. 2006 ஆம் ஆண்டின் நடுவண் நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டர் நீளத்தைத் தாண்டாத, பெட்ரோல் எந்திரமாயின் 1200 கன செ.மீ. கொள்ளளவுக்குட்பட்ட வண்டிகளுக்குக் கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. அன்றுமுதல் நிறுவனங்கள் வண்டியின் பின்புறத்தைக் குறுக்கியேனும் நான்கு மீட்டருக்குள் அடக்கத் தொடங்கின. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகை வண்டிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு என்றானபோதும் அதே நான்கு மீட்டர்தான் எல்லையாக நின்றது.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் முதலில் சென்ற விற்பனை நிலையத்தில் என் பழைய மாணவர் ஒருவர் பணியில் இருந்தார். "வாங்க ஐயா, வாங்க அம்மா" என்று வரவேற்று, விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தார். அடிப்படை வகை, நடு வகை, உயர் வகை என மூன்று பத்திகள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் 80,000 ரூபாய் வேறுபாடு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் மேலும் ஒரு லட்சம். சாலை வரியும் காப்பீடும் வண்டியின் விலையை ஒட்டியே கணக்கிடப்படுவதால், பத்திக்குப் பத்தி இந்த இடைவெளி சாலைக்கு வரும்போது இன்னும் விரிந்துவிடும். எங்கள் மகள் அப்போது பொறியியல் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு லட்சம் அவளது ஓராண்டுக் கல்லூரிக் கட்டணம்.

"பெரும்பாலோர் நடு வகையைத்தான் எடுக்கிறார்கள், ஐயா" என்றார் அவர். உண்மையாகத்தான் இருக்கும். மலிவானதை வாங்கினோம் என்ற பெயரும் வேண்டாம், விலையுயர்ந்ததை வாங்கினோம் என்ற சுமையும் வேண்டாம் என்று எண்ணும் நம்மைப் போன்றவர்களுக்காகவே நடுப்பத்தி அச்சிடப்படுகிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. துணிக்கடையிலும் திருமண மண்டபத்திலும் நாம் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

ஆனால் மகிழுந்தின் பத்திகளுக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. அதனை மாணவர்களாகிய நீங்கள் அறிந்திருப்பது நல்லது. காற்றுப்பை, பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் ஆகியவை சில ஆண்டுகளுக்கு முன்புவரை உயர் வகையின் அலங்காரப் பொருள்களோடு ஒரே பத்தியில் அச்சிடப்பட்டிருந்தன. பாட்டுப் பெட்டி வேண்டுமா, பளபளக்கும் சக்கரம் வேண்டுமா, மோதினால் உயிர் பிழைக்க வேண்டுமா என்ற மூன்று வினாக்களும் ஒரே தொனியில் கேட்கப்பட்டன. கையில் பணம் குறைந்தவர் மூன்றுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடிப்படை வகையை ஓட்டிச் சென்றார்.

2014 ஆம் ஆண்டு சனவரியில் குளோபல் என்சிஏபி என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய மகிழுந்துகளின் மோதல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ என்பன அவை. மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் முன்புறம் மோதவிட்டபோது, காற்றுப்பை இல்லாத அவ்வகைகளுள் ஒன்றுகூடப் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. பிறகு, அதே போலோ வண்டியின் இரு காற்றுப்பைகள் கொண்ட வகை மோதவிடப்பட்டது. அதற்கு நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. இரண்டும் ஒரே பெயருடைய வண்டிகள். வாங்கியவர் எந்தப் பத்தியில் விரல் வைத்தார் என்பதே வேறுபாடு. அதன்பின் அந்நிறுவனம் காற்றுப்பை இல்லாத போலோவை இந்தியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது.

சட்டம் சற்று மெல்லவே வந்தது. 2019 ஏப்ரல் முதல் புதிய மகிழுந்துகள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. அதே ஆண்டு சூலையில் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயமாயிற்று. ஓட்டுநரின் அருகில் அமர்பவருக்கும் காற்றுப்பை உண்டு என்ற நிலை 2022 தொடங்கும்போதுதான் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்சிஏபி என்ற பெயரில் நம் நாடே மோதல் ஆய்வு நடத்தி நட்சத்திரம் வழங்குகிறது. எனவே நாங்கள் பட்டியலைப் படித்தபோது, முன்பு மூன்றாம் பத்தியில் இருந்த பல வரிகள் முதல் பத்திக்கே வந்திருந்தன. மனநிறைவு அளித்த செய்தி அது.

ஏபிஎஸ் பற்றி ஒரு சொல். ஈரச் சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் இறுகிவிடும். இறுகிய சக்கரம் வழுக்கும். அப்போது ஸ்டியரிங்கை எப்பக்கம் திருப்பினாலும் வண்டி தான் போன வழியே போகும். ஏபிஎஸ், சக்கரம் இறுகும் தறுவாயில் பிரேக்கை நொடிக்குப் பலமுறை தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கிறது. வண்டி உடனே நின்றுவிடும் என்பதன்று இதன் பயன். நிற்கும் வரை அது ஓட்டுநரின் சொற்படி திரும்பும் என்பதே. கொண்டை ஊசி வளைவில் இது எவ்வளவு பெரிய செய்தி என்று மலைச்சாலையில் சென்றவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

உயிரைக் காப்பவை மூன்று பத்திகளிலும் ஒன்றாக இருந்ததால், எஞ்சிய வரிகளை நான் வேறு விதமாகப் பிரித்தேன். பின்னால் கடைத்தெருவில் வாங்கிப் பொருத்தக்கூடியவை ஒருபுறம். பாட்டுப் பெட்டி, இருக்கை உறை, பின்புற நிழற்படக் கருவி, சக்கர மூடி போன்றவை அவை. தொழிற்சாலையிலேயே அமைந்தாலன்றிப் பிறகு பெற முடியாதவை மறுபுறம். அப்படிப் பிரித்ததும் நடு வகையின் 80,000 ரூபாயில் பெரும்பகுதி தொடுதிரைக்கே போவது தெரிந்தது. அடிப்படை வகையே போதும் என்று கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணினேன்.

என் மனைவி பட்டியலைப் படிக்கவில்லை. நேராகச் சென்று ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். அவர் உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. இருக்கையை முன்னே இழுத்தார், சாய்மானத்தை நிமிர்த்தினார், மீண்டும் அமர்ந்தார்.

"எனக்கு வானம் தெரிகிறது. சாலையின் ஓரம் தெரியவில்லை. வளைவில் இடப்பக்கம் பள்ளமா மண்ணா என்று எப்படிப் பார்ப்பது, தம்பி?" என்று கேட்டார்.

அடிப்படை வகையில் இருக்கையின் உயரத்தைக் கூட்டும் வசதி இல்லை. நடு வகையிலும் இல்லை. உயர் வகையில் மட்டுமே இருந்தது. பின்கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் சூடேற்றியும் அதைத் துடைக்கும் கருவியும் அவ்வாறே. அவற்றைப் பெற அலாய் சக்கரத்துக்கும் தானியங்கிக் குளிர்ப்பானுக்கும் இன்னும் சிலவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். குள்ளமான ஓர் ஆசிரியையின் பார்வைக்கும் பளபளக்கும் சக்கரத்துக்கும் என்ன உறவு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உயரம் கூட்டும் நெம்புகோல் வசதிப் பொருள் என்ற தலைப்பின்கீழ் அச்சிடப்பட்டிருந்தது. ஐந்தடி எட்டு அங்குலம் உள்ளவர்க்கு அது வசதிதான்.

"இருக்கையில் ஒரு மெத்தை போட்டுக்கொள்ளலாமே அம்மா" என்றார் மாணவர். நல்லெண்ணத்துடன் சொன்னதே. ஆயினும் இருக்கைப் பட்டை இடுப்பெலும்பின் மீது படிந்து நிற்கவேண்டும். தளர்வான மெத்தை மோதலின்போது வழுகினால் பட்டை வயிற்றில் ஏறிவிடும். மெத்தை, பட்டையின் வேலையைக் கெடுத்துவிடுகிறது. பட்டை உடலைப் பிடித்து நிறுத்தினால்தான் காற்றுப்பையும் தன் வேலையைச் செய்யும். பட்டை இன்றி முன்னே எறியப்படுபவரை, விரிகின்ற பையே காயப்படுத்தக்கூடும். 1959 இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் மும்முனைப் பட்டையை உருவாக்கினார். அந்தச் சுவீடன் நாட்டு நிறுவனம் அதன் காப்புரிமையைப் பிறர் பயன்படுத்தவும் திறந்துவிட்டது. விலைப்பட்டியலில் எந்தப் பத்தியிலும் சேராமல் உலகெங்கும் எல்லா வண்டிகளுக்கும் போய்ச் சேர்ந்த பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்திலும் சேலத்திலும் வேறு நிறுவனங்களின் வண்டிகளில் அவர் அமர்ந்து பார்த்தார். ஒரே வண்டியின் மூன்று வகைகளை ஒப்பிடுவதைவிட, வேறுவேறு வண்டிகளின் ஒத்த விலையுள்ள வகைகளை ஒப்பிடுவது பயனுள்ளது என்பது அப்போது தெளிவாயிற்று. ஒருவர் உயர் வகையில் பூட்டிவைத்திருப்பதை இன்னொருவர் இரண்டாம் வகையிலேயே கொடுத்துவிடுகிறார். சேலத்தில் அப்படி ஒரு வண்டி கிடைத்தது. உயரம் கூட்டும் இருக்கை இருந்தது. பின்கண்ணாடிக்குச் சூடேற்றி இருந்தது. ஏற்றத்தில் வண்டி பின்னோக்கி உருளாமல் சில நொடிகள் பிடித்து நிறுத்தும் அமைப்பும் இருந்தது. பின்னிருக்கையில் மூவருக்கும் மும்முனைப் பட்டைகள். தொடுதிரை இல்லை. சக்கரங்கள் வெறும் இரும்பு. பெயரும் அவ்வளவாக எடுப்பானதன்று.

எங்களுக்கு வேண்டிய வகை கைவசம் இல்லை. உயர் வகை என்றால் அந்த வாரமே கிடைக்கும், இதற்கு இரண்டு மாதம் ஆகும் என்றனர். விலை கூடியதை இருப்பில் வைத்து, எளியதற்குக் காத்திருக்கச் சொல்வதும் ஒரு விற்பனை முறைதான். இரண்டு மாதம் என்றால் வடகிழக்குப் பருவமழை முழுவதும் அடங்கும். முடிவை அவரிடமே விட்டேன். காத்திருக்கலாம் என்றார். அந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவர் மூன்று பேருந்துகள் மாறித்தான் மலை ஏறினார். இரண்டு நாள்கள் இரவு ஒன்பது மணிக்குமேல் வீடு திரும்பினார். அந்நாள்களில் நான் தியாகதுருகம் பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன்.

மார்கழி பிறந்தபின் வண்டி வந்தது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், "இதில் திரைகூட இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் காபி குடித்துச் சென்றார். என் மனைவி முதல் நாள் இருக்கையை மேலே ஏற்றிக் கண்ணாடிகளைத் திருத்திக்கொண்டார். கள்ளக்குறிச்சியில் ஏறிய ஆசிரியைகள் இருவரும், பின்னால் அமர்வோருக்குப் பட்டை எதற்கு என்று தயங்கினார்களாம். 2022 செப்டம்பரில் மராட்டிய மாநிலம் பால்கர் அருகே விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பயணம் செய்தது விலையுயர்ந்த வண்டியில். பின்னிருக்கையில் இருந்த அவர் பட்டை அணிந்திருக்கவில்லை எனக் காவல்துறை தெரிவித்திருந்தது. அச்செய்தியைச் சொல்லிவிட்டு, எந்திரத்தை இயக்காமல் இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பின்னாலிருந்து இரண்டு முறை கொக்கி மாட்டும் ஓசை கேட்டபின் வண்டி கச்சிராயபாளையம் நோக்கிப் புறப்பட்டது.