எல்லையோரம் ஒரு கூடைக் குஞ்சு

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பேச்சில் தமிழும் மலையாளமும் இன்னும் பிரியவில்லை. கோழிக்கு மட்டும் சிலசமயம் எல்லை முளைக்கும்: 2014 நவம்பரில் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தபோது, கேரளக் கோழிகளைத் தமிழ்நாடு சோதனைச் சாவடியிலேயே தடுத்தது.

புழக்கடையில் பத்துக் கோழி வளர்க்க நினைப்பவர்களுக்குத்தான் குழப்பம். வாசலுக்கே வரும் சைக்கிள் கூடைக்காரரிடம் பச்சை, ரோஸ் சாயம் பூசிய குஞ்சுகள் மலிவு, பிள்ளைகள் அடம்பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் அவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழித்துவிட்ட சேவல்கள். ஆறு மாதம் தீனி போட்டாலும் ஒரு முட்டை தேறாது.

அரசுப் பண்ணைக்கு என்றால் திருவனந்தபுரம் குடப்பனக்குன்னு வரை பஸ் ஏற வேண்டும். கேரளத்தின் கிராமஸ்ரீ கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 180 முட்டை இடும்; நாட்டுக்கோழி அதில் பாதி இட்டாலே அதிகம். ஆனால் கிராமஸ்ரீ அடைக்கு உட்காராது. அதனால் விவரமானவர்கள், அடைகாக்கும் நாட்டுக்கோழியின் அடியில் இரவோடு இரவாக வாங்கிய குஞ்சுகளை நுழைத்துவிடுகிறார்கள். விடிந்ததும் அது தன் பிள்ளைகளாகவே கூட்டிப் போகும்.

பொரித்து எத்தனை நாள், மாரெக்ஸ் ஊசி போட்டதா என்று கேட்டால் போதும். கூடைக்காரர் சைக்கிளை மிதித்துவிடுவார்.