துடுப்பு பிடித்தேன், நிமிர்ந்து நின்றேன்



நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கடல் என்றால் கப்பல்தான். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா போன்ற கப்பல்களின் மேல்தளத்தில் சுருண்டு படுத்து, ஒரு வாரம் மயக்கமும் வாந்தியுமாக வந்து இறங்கியவர்கள் அவர்கள். கரையேறியதும் ரப்பர்க் காட்டுக்குள் போனவர்கள், "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். தோட்டத்திலிருந்து செந்தூலுக்குக் குடிவந்த எங்கள் குடும்பத்திலும் அந்தப் பயம் கூடவே வந்தது. என் தலைமுறையில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

இப்படிப்பட்ட நான்தான் போர்ட்டிக்சன், தெலுக் கெமாங் கடற்கரையில், ஒரு பலகைமேல் ஏறி நின்றேன் என்றால் நம்புவீர்களா?

அது ஏறக்குறைய பத்தடி நீளமுள்ள அகலமான பலகை. அதன்மேல் நின்றபடி நீண்ட துடுப்பால் தள்ளிப் போக வேண்டும். ஹவாய்த் தீவில் பிறந்த இந்த விளையாட்டு, 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. "அத்தை, உயிர்காப்புச் சட்டை போட்டுக்குங்க, நான் பக்கத்திலேயே இருக்கேன்" என்றான் நன்றாக நீந்தத் தெரிந்த என் தம்பி மகன்.

சுமத்ரா தீவு மறைத்து நிற்பதால் மலாக்கா நீரிணையில் பெரும்பாலும் சிற்றலைதான். அன்றும் முழங்கால் உயரத்துக்குமேல் அலை எழவில்லை. இடுப்பளவு நீரில் பலகையின் நடுவில் முதலில் மண்டியிட்டேன். பிறகு கால்களைத் தோளளவு அகட்டி எழுந்தேன். காலைக் குனிந்து பார்த்த மறுகணமே தண்ணீரில் கிடந்தேன்! "தூரத்தைப் பாருங்க அத்தை" என்றான். தூரத்தைப் பார்த்தேன், நின்றேன். அலை பக்கவாட்டில் வந்தபோது மறுபடியும் கவிழ்ந்தேன். பலகையின் முனையை அலைக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, முழங்காலைச் சற்றே மடக்கி, துடுப்பைத் தண்ணீரில் ஊன்றியபோது, அலை எனக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்த நிமிடத்தில் என் பயமும் பாதி போய்விட்டது.

இது நமக்கு அந்நியமான வித்தை என்று எண்ணாதீர்கள். மரங்களைக் கயிற்றால் பிணைத்து, துடுப்புடன் அலையைக் கடந்தவர்கள் நம் தமிழ் மீனவர்கள். நம் 'கட்டுமரம்' என்ற சொல்லையே ஆங்கிலேயரும் எடுத்துக்கொண்டார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012-இல் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். அதே ஊர் சேகர் பச்சை துடுப்புப் பலகையில் இந்திய அளவில் முதலிடம் பெற்றவர். அங்கே மீனவப் பிள்ளைகளுக்குக் கடல் பள்ளிக்கூடமாகிவிட்டது. இங்கே நம் பிள்ளைகளுக்கு மட்டும் அது ஏன் பூச்சாண்டியாக இருக்க வேண்டும்?

ஆனால் துணிச்சலோடு எச்சரிக்கையும் வேண்டும். பலகையோடு இணைந்த கயிற்றைக் கணுக்காலில் கட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவே பலகை இருக்கக்கூடாது. அலை அதைத் தூக்கி உங்கள்மேல் அடித்துவிடும். விழும்போது தலைகீழாகப் பாயாமல், பலகையை விட்டு விலகி உடம்பைப் பரப்பி விழ வேண்டும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் ஏறவே கூடாது. தண்ணீர் அமைதியாகத் தெரியும். காற்றோ ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். நவம்பர் முதல் மார்ச் வரை செராத்திங்கில் எழும் பேரலைகள் புதியவர்களுக்கு உகந்தவை அல்ல.

தாய்மார்களே! நாம் வேண்டாம் என்று தடுத்தாலும் பிள்ளைகள் ஆற்றுக்கும் ஈயக்குட்டைக்கும் ஒளிந்து போகத்தான் செய்கிறார்கள். ஆபத்து வரும்போது நம் பயம் அவர்களைக் கரை சேர்க்காது, நீச்சல்தான் சேர்க்கும். இந்தப் பள்ளி விடுமுறையில் அவர்களை நீச்சல் குளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வயதாகிவிட்டதே என்று நீங்களும் கரையிலேயே நின்றுவிடாதீர்கள். நான் இப்போது நீச்சல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.