வாசலுக்கு வெளியே நாலடி

புது வீடு கட்டிக் குடிபோனவளிடம் ஒரு மாதத்துக்கு யாரும் வாய் கொடுக்கக் கூடாது. கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு போய்ச் சமையல் மேடை, சாமான் அறை, மொட்டை மாடி என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டுத்தான் காப்பியையே கண்ணில் காட்டுவாள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். 2022-இல் ஆவடிக்கு வடக்கே வெள்ளானூரில் வீடு கட்டிக் குடியேறினோம். வந்தவர்களுக்கெல்லாம் நான் முதலில் காட்டியது வீட்டை அல்ல, வாசலை! கேட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும் சிமெண்டுச் சரிவு. மேஸ்திரியின் பாஷையில் ‘ராம்ப்’. நாலடி நீளம், பத்தடி அகலம். வழுக்காமலிருக்கக் கோடு கோடாகக் கீறல் வேறு. என் மாமியாருக்கு எண்பது வயது. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அவருக்காகத்தான் கட்டினேன் என்று சொல்லிக் கொள்வேன். இவருடைய ஸ்கூட்டர் ஏறுவதற்கும் அது சௌகரியமாயிருந்தது என்பதையும் மறைப்பானேன்?

வீட்டை ஏன் தெருவைவிட உயர்த்திக் கட்டினோம் என்று கேட்பீர்கள். பட்டணத்தில் என் பிறந்த வீட்டுக்குள், நான் சிறுமியாயிருந்தபோது, இரண்டு படி ஏறிப் போவோம். எனக்குக் கல்யாணமானபோது தெருவும் திண்ணையும் ஒரே மட்டம். என் பெண்ணுக்குக் காது குத்தியபோது இரண்டு படி இறங்கி உள்ளே போனோம். வீடு ஒன்றும் பூமிக்குள் போய்விடவில்லை. தெருதான் வளர்ந்தது! பழைய தார் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார். 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராயிருந்த இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், வீடுகள் பள்ளமாகிவிடக் கூடாது என்று உத்தரவு போட்டார். பத்திரிகையில் அதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் வாசலில் சாக்கு அடைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்த என் அம்மா அதைப் பார்க்க அப்போது இல்லை.

ஆகவே, மனையில் மண்ணைக் கொட்டித் தெருவைவிட ஓரடி உயர்த்திவிடச் சொன்னேன். தெருவோரம் கால்வாய் ஓடியது. சரிவு அதன் மேல்தான் உட்கார வேண்டும்.

“கால்வாய்த் தண்ணி எப்படிப் போகும்?” என்று கேட்டேன்.

“நாலு இஞ்ச் பைப் ஒண்ணு வுட்டுடலாம்மா. அதுபாட்டுக்குப் போய்டும்” என்றார் மேஸ்திரி.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்தப் பெருமையில் நான் ஊரெல்லாம் போன் செய்து சொன்னேன். ஆனால் எங்களுக்கு மேற்கே மூன்றாவது வீடு, மனைப் பிரிவு வருவதற்கு முன்பிருந்தே அங்கிருக்கும் ஓட்டு வீடு, அதில் முழங்கால் தண்ணீர். அந்த வீட்டு ஆயா இரண்டு நாள் கட்டிலின் மேல் அரிசி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். நான் இட்டிலி செய்து அனுப்பினேன். போர்வை கொடுத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு தூங்கினேன்.

பிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இப்படித் தண்ணீர் தேங்கலாமா? யாரிடமாவது மனுக் கொடுக்க வேண்டாமா? யாரிடம் கொடுப்பது என்று விசாரித்தபோதுதான் ரோடுகளுக்கும் ஜாதகம் உண்டென்று தெரிந்தது. ஒரு ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. ஒன்று ஊராட்சி ஒன்றியத்துடையது. மிச்சமிருக்கும் தெருக்களெல்லாம் கிராம ஊராட்சிக்கு. 1958-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தில் ஒன்றியங்கள் வந்தன. இப்போது நடப்பது 1994-ஆம் வருஷத்துச் சட்டம். அதன் 110-ஆம் பிரிவு கிராமத்துத் தெருக்களைப் போடுவதும் பழுது பார்ப்பதும் கால்வாய் கட்டுவதும் விளக்குப் போடுவதும் கிராம ஊராட்சியின் கடமை என்கிறது. அப்போது வெள்ளானூர் வில்லிவாக்கம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. வில்லிவாக்கமோ எத்தனையோ காலத்துக்கு முன்பே சென்னை நகரத்துக்குள் போய்விட்டது. ஒன்றியத்துக்குப் பெயர் மட்டும் நின்றிருந்தது! கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயர் பிறந்த வீட்டு எவர்சில்வர் குடத்தில் இருப்பதுபோல.

ஜனவரி 26-ஆம் தேதி கிராம சபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் முன்பெல்லாம் கூடும். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளையும் சேர்த்து வருஷத்துக்கு ஆறு தடவை. ஊரின் வாக்காளர் யாரும் போகலாம், கேட்கலாம். இது தெரிந்தும் இத்தனை நாள் நான் போனதில்லை. தொலைக்காட்சியில் அணிவகுப்புப் பார்ப்பதோடு சரி.

அன்றைக்குப் பட்டுப் புடைவை கட்டிக் கொண்டு போனேன். ஷாமியானாவின் கீழ் பாதிக்கு மேல் பெண்கள். என் முறை வந்ததும் எழுந்து, எங்கள் தெருக் கால்வாய் அடைத்துக் கிடக்கிறது, வயதான ஒருவர் வீட்டில் முழங்கால் தண்ணீர், இதற்கு யார் பொறுப்பு என்று கணீரென்று கேட்டேன். எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். உட்காரப் போனேன்.

பின்வரிசையிலிருந்து ஆயா எழுந்தாள்.

“கண்ணு, கால்வா அடைச்சிகினு இல்லே. உன் வூட்டு வாசப்படி அது மேல குந்திகினு கீது. தண்ணி அங்க வந்து நின்னுட்டுத் திரும்பி என் வூட்டுக்கு வருது.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் கொடுத்த போர்வையைத்தான் தோளில் போட்டிருந்தாள்.

யாரோ சிரித்தார்கள். ஊராட்சிச் செயலர் (ஊரில் ‘கிளார்க்’ என்பார்கள்) சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே உட்கார வைத்துச் சொன்னார்: “அம்மா, ரோடுன்னா வண்டி போற தார் மட்டும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. சட்டத்துல அப்படி இல்லே. நடைபாதை, கால்வாய், அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் அடுத்தவங்க சொத்து எல்லை வரைக்கும் இருக்கிற நிலம் எல்லாமே ரோடுதான். அது மேல வெராந்தாவே கட்டியிருந்தாலும் ரோடுதான். உங்க பத்திரத்தை எடுத்துப் பாருங்க.”

அன்று இரவு பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்தேன். சொத்து விவரத்தில் நான்கெல்லை. ‘வடக்கே 24 அடி ரோடு’ என்று நானே கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருக்கிறது. மனைப் பிரிவுக்கு அனுமதி கேட்கும்போதே, வரைபடத்தில் காட்டிய தெருக்களை மனை போட்டவர்கள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். தானம் கொடுத்த நிலத்தில்தான் நான் சரிவு கட்டிப் பெருமையடித்துக் கொண்டிருந்திருக்கிறேன்.

“டேப்பை எடுங்கள்” என்றேன் இவரிடம்.

“மணி பத்தாகிறதே!”

“பகலில் அளந்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.”

டார்ச்சு வெளிச்சத்தில் அளந்தோம். சுவருக்குச் சுவர் 24 அடி சரியாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் சரிவு நாலடி. எதிர் வீட்டுப் படிகள் மூன்றடி. அதை ஒட்டிக் குரோட்டன்ஸ் தொட்டிகள் ஓரடி. தெருவில் மிஞ்சியது பதினாறு அடி. எங்களைச் சேர்த்து எட்டு வீட்டு வாசல்கள் கால்வாயின் மேல் ஏறியிருந்தன. ‘எட்டில் ஒன்றுதானே’ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இடிப்பதென்றால் மாமியாரின் நாற்காலி எப்படி இறங்கும்? அதுதான் என் கடைசித் துருப்பு. தயங்கித் தயங்கி அவரிடமே போய்ச் சொன்னேன்.

“இடிச்சுத் தள்ளு! அதிலே ஒவ்வொரு தடவை இறங்கறப்பவும் முருகா முருகான்னு கண்ணை மூடிக்கறேன். நீ ஆசையாக் கட்டினேன்னு சொல்லலை” என்றார்.

இரண்டு வருஷமாக!

பிறகுதான் கணக்கு விளங்கிற்று. சக்கர நாற்காலி பயமில்லாமல் ஏற, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டுமாம். என்னுடையது நாலடியில் ஓரடி; சறுக்கு மரம்தான். பன்னிரண்டு அடி நீளத்துக்குத் தெருவில் எங்கே போவது? வீட்டுக்குள்தான் இடம் தேட வேண்டும். கேட்டைத் தெரு மட்டத்துக்கு இறக்கி, அங்கிருந்து பக்கச் சுவரோரமாக மெள்ள மெள்ள ஏறும்படி மேஸ்திரி கோடு போட்டார். தெருத் தண்ணீர் உயர்ந்தாலும் சரிவின் அடியோடு நின்றுவிடும் என்றார். அந்தச் சுவரோரம்தான் என் மல்லிகைப் பாத்தி இருந்தது. நான் ஒரு வாரம் மேஸ்திரியைக் கூப்பிடாமல் தள்ளிப் போட்டேன். காரணம் அந்த மல்லிகைதான், வேறொன்றுமில்லை.

இடித்த அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. பெயர்த்தெடுத்த குழாயைச் சித்தாள் தரையில் தட்டினாள். பால் கவர்கள், ஷாம்பு காகிதங்கள், தேங்காய் நார், என் பேரனுடைய ரப்பர் பந்து. போன வருஷம் அந்தப் பந்துக்காக எதிர் வீட்டுப் பையனைச் சந்தேகப்பட்டிருந்தேன்!

கால்வாயைக் கடக்க, கிளார்க்கிடம் எழுதிக் கொடுத்துக் கேட்டு, அவர் சொன்னபடியே இரண்டு ஆள் தூக்கி எடுக்கக்கூடிய சிமெண்டுப் பலகைகளைப் போட்டோம். அடியில் கால்வாய் அதன் முழு அகலத்துக்குத் திறந்திருந்தது. அந்தக் கோடைக்குள் இன்னும் நான்கு வீட்டார் இடித்தார்கள். மூன்று வீட்டார் இடிக்கவில்லை. அவர்களைப் பற்றி ஏதாவது சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

2024 அக்டோபர் நடுவில் ஒரு பெரு மழை பெய்தது. இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. விடியற்காலையில் குடை பிடித்துக் கொண்டு ஆயா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் தண்ணீர் இருந்தது, வாசற்படியைத் தாண்டவில்லை. ஆயா அடுப்பு மூட்டிக் கொண்டிருந்தாள்.

“தண்ணி போச்சு” என்றாள். அவ்வளவுதான். டீ கொடுத்தாள். குடித்து முடித்து நான் எழுந்தபோது, “அந்த மல்லியை இன்னா பண்ணே?” என்றாள்.

வேரோடு பிடுங்கித் தொட்டியில் வைத்ததில் பாதி பட்டுப்போய்விட்டது, மீதி தொட்டியிலேயே ஏங்கிக் கொண்டிருக்கிறது என்றேன். “எனக்கு ஒரு பதியன் குடு” என்றாள். கொடுத்தேன்.

இப்போது அது அவள் வீட்டு வாசலோரம் பூத்துக் குலுங்குகிறது. எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று டேப்பை எடுத்துக் கொண்டு போய்ப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.