தெரியாதவர் யார்?

ஒரு செயலி இயங்க மறுக்கும்போது எழும் முதற்கேள்வி பெரும்பாலும் செயலியைப் பற்றியதாக இருப்பதில்லை. "உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லையா?" என்பதே அது. மென்பொருளைச் செய்தவர் பயனரின் அறியாமையைச் சுட்டுகிறார். பயனரோ மென்பொருளின் குழப்பத்தைச் சுட்டுகிறார். ஒரு செயலி சலித்தால் மற்றொன்றைத் தேடிக்கொள்ளும் வாய்ப்புள்ளவருக்கு இந்த வழக்கு எரிச்சலோடு முடிந்துவிடும். வேறு வழியில்லாதவருக்கு அது ஒரு நாள் கூலியில் போய் முடியும்.

கோவைக்கு மேற்கே தமிழ்நாடும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் ஊர் ஆனைகட்டி. எல்லையைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. இருபுறமும் இருளர் வாழ்கின்றனர். அவர்களுடைய பேச்சுமொழி இருளம். ஆனால் இப்புறம் அரசுத் தாள்கள் தமிழில்; அப்புறம் மலையாளத்தில்; கணினிப் பதிவிலோ இருபுறமும் பெயர் ஆங்கில எழுத்தில்.

மருதி என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள தகரத்தை ஓர் எழுத்தர் 'டி எச்' என்று எழுதுவார். இன்னொருவர் 'டீ எச்' என்பார். உறவினர் காதுக்கு இரண்டும் ஒரே பெயர். இயந்திரத்துக்கு இருவேறு மனிதர்கள். தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2024 ஜனவரி 1 முதல் ஆதார்வழிக் கூலி கட்டாயமானபோது, வேலை அட்டையிலும் ஆதாரிலும் உள்ள பெயர் பொருந்துவது கூலிக்கே நிபந்தனையாயிற்று. அந்த எழுத்தை மருதி இடவில்லை. அதைத் திருத்த அலையவேண்டியவர் மட்டும் மருதி.

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்றும் கேரளத்தில் தொழிலுறப்பு என்றும் வழங்கிய இத்திட்டத்தின் வருகைப்பதிவும் அவ்வாறே மாறியது. 2021இல் அறிமுகமான என்எம்எம்எஸ் செயலி 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. முற்பகலில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என இடக்குறிப்போடு கூடிய இரண்டு படங்களைப் பணித்தளப் பொறுப்பாளர் பதிவேற்றவேண்டியிருந்தது. சிக்னல் எட்டாத மலைச்சரிவில் மண் வெட்டியிருப்பர், வரப்புக் கட்டியிருப்பர். படம் ஏறாவிட்டால் அந்த உழைப்புக்குச் சான்றில்லை. விதிவிலக்காகக் கையெழுத்துப் பதிவை ஏற்கும் அதிகாரம் இருந்தது. ஆனால் அது மாவட்ட நிலையில் இருந்தது, சரிவில் நிற்பவரிடம் இல்லை. இத்தனைக்கும் பிறகு முறைகேடு நின்றதா? படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுவது உள்ளிட்ட பல ஏமாற்றுகளை ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலைச் சுற்றறிக்கையில் பட்டியலிட்டது. ஏமாற்றுபவர் வழி கண்டுகொண்டார். உழைத்தவர் சிக்னலுக்காகக் காத்திருந்தார்.

இங்கே 'அறியாமை' என்ற விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும்? வாசிக்கத் தயங்குபவர்கூட வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்புகிறார். யூடியூப்பில் பேசியே பாட்டைத் தேடி எடுக்கிறார். அதற்கு எவரும் பயிற்சி முகாம் நடத்தவில்லை. கருவி மனிதரின் வழக்கத்துக்கு இசைந்தபோது அறிவு தானே வந்து சேர்ந்தது.

இந்த வழக்கு மென்பொருளைவிடப் பழையது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் போர்விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு சக்கரங்கள் மடங்கி ஓடுதளத்தில் வயிறு தேய்த்தன. விமானியின் பிழை என்றே பதிவாயிற்று. உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ் விமானியறையைப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் விசையும் இறக்கை மடிப்பை இயக்கும் விசையும் ஒரே தோற்றத்தில் அருகருகே இருந்தன. அவ்வமைப்பு இல்லாத வேறு விமானத்தில் இப்பிழை நேரவில்லை. ஒன்றின் முனையில் சக்கர வடிவத்தையும் மற்றதன் முனையில் இறக்கை மடிப்பின் வடிவத்தையும் பொருத்தினார். கை தொட்டவுடன் வேறுபாடு தெரிந்தது.

நம் காலத்திலும் சான்று உண்டு. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை என்று வங்கிகள் ஆண்டுக்கணக்கில் எச்சரித்துவந்தன. ஆயினும் யுபிஐயில் 'பணம் கேட்கும்' கோரிக்கையைப் பணம் வருவதாக நம்பி எண்ணை இட்டு இழந்தவர்கள் இருந்துகொண்டே இருந்தனர். தனிநபர்களுக்கிடையிலான அவ்வசதியையே நிறுத்தும்படி 2025 அக்டோபர் 1ஆம் தேதியைக் கெடுவாக என்பிசிஐ அறிவித்தது. அறிவுரையால் அடைபடாத ஓட்டையை அடைக்க வடிவமைப்பே மாறவேண்டியிருந்தது.

இதனால் பயிற்சி வீண் என்றாகாது. ரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லாதிருக்கக் கற்பிக்கத்தான் வேண்டும். எந்தக் கருவியும் சிறிது கற்றலைக் கேட்கும். ஆனால் ஒருவர் தடுக்கினால் அவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஊரே ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே கல் இருக்கிறது என்று பொருள். மேலும், வேண்டாம் என்று விலக முடியாத கருவியில் பொறுப்பு இருசாராருக்கும் சமமாகாது. கட்டாயப்படுத்தும் உரிமையைக் கையில் வைத்திருப்பவருக்குப் புரியவைக்கும் கடமையும் உண்டு.

தேவைப்படுவன பெரியவை அல்ல. ஆணை பிறக்குமுன் செயலியை ஒரு மலைச்சரிவில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். சிக்னல் இல்லாத நாளில் தாள்பதிவை ஏற்கும் அதிகாரத்தை ஊராட்சிக்கே தரலாம். பெயரின் ஓரெழுத்துப் பிழையை, அதை இட்ட அலுவலகமே திருத்தலாம். இவற்றையெல்லாம் செய்தபின்பும் எவரேனும் தடுக்கினால், அப்போது அவருடைய அறியாமையைப் பற்றிப் பேசலாம்.