இரண்டில் ஒன்று

டேராடூன் கடைவீதியிலுள்ள ஒரு துப்பாக்கிக் கடை. 2020 அக்டோபர். கண்ணாடி மேஜை மீது பழைய கம்பளி விரித்து இரண்டு துப்பாக்கிகளைக் கிடத்தியிருந்தார்கள். இரண்டுமே இரட்டைக் குழல். குழல்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒட்டியிருக்கும் பழைய வகை. மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு வயது 72. கர்னலாக ஓய்வு பெற்றவர். முகக் கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதோடு வீடு திரும்ப வேண்டும். எதை என்பதுதான் முடிவாகவில்லை.

அந்த ஆண்டு நாட்டில் பல வீடுகளுக்கு இந்தச் சங்கடம் வந்தது. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். முதலில் வந்த மசோதா அதை ஒன்றாகக் குறைத்தது. எதிர்ப்புக்குப் பின் இரண்டு என்று முடிவாயிற்று. கூடுதலாக இருப்பதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பரம்பரையாக வந்த துப்பாக்கி என்றாலும் கணக்கு இரண்டைத் தாண்டக் கூடாது. கர்னலின் லைசென்ஸில் இருந்தவை மூன்று. அதில் ஒன்று ரிவால்வர். ஊருக்கு வெளியே தனியாக நிற்கும் வீடு. ரிவால்வர் இருந்தே ஆக வேண்டும் என்பதில் அவர் மனைவி உறுதியாக இருந்தார். ஆக, அப்பா விட்டுச் சென்ற இரண்டில் ஒன்று போக வேண்டும்.

அப்பா அந்நாளைய உத்தரப் பிரதேசத்தில் வனத்துறை அதிகாரி. கனமான துப்பாக்கியை அவர் தராய்ப் பகுதியின் ஏரிகளில் வாத்து சுடுவதற்காக வாங்கினார். எடை 3.4 கிலோ, குழல் 30 அங்குலம். இன்னொன்று பர்மிங்ஹாமில் 1930-களில் செய்யப்பட்டது. 2.8 கிலோ, குழல் 28 அங்குலம். கார்வால், குமாவுன் மலைச் சரிவுகளில் நடந்து நடந்து கௌதாரியும் காட்டுக்கோழி இனமான காலிஜும் சுடுவதற்கென்று தேடிப் பிடித்தது. இரண்டும் 12 போர்தான். குழலுக்குள் சரியாக நுழையும் அளவில் ஈய உருண்டைகள் செய்தால் ஒரு பவுண்டுக்கு 12 வரும். அதுதான் 12 போர். குழல் அகலம் ஒன்றே என்றாலும் வேலை வேறு.

ஏரியில் வாத்து சுடுகிறவர் நாணலுக்குள் உட்கார்ந்திருக்கிறார். பறவை அவரைத் தேடி வருகிறது, உயரத்தில், தூரத்தில். துப்பாக்கி கனமாக இருந்தால் நல்லது; உதைப்பு குறையும். பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவுக்காக நடந்த வேட்டையில் ஒரே நாளில் விழுந்த பறவைகள் 4,273. அந்தக் கணக்கை இன்றும் அங்கே கல்வெட்டில் பார்க்கலாம்.

மலைச் சரிவு அப்படியல்ல. காலையிலிருந்து மாலைவரை ஏறி இறங்க வேண்டும். நாள் முழுவதும் நடந்தால் நாலைந்து தடவை சுட வாய்ப்புக் கிடைக்கலாம். ஒன்றும் இல்லாமலும் திரும்பலாம். பறவை காலடியிலிருந்து படபடவென்று கிளம்பி இரண்டு நொடியில் தாழ்ந்து மறைந்துவிடும். நாள் முழுக்கச் சுமக்கிற அளவு லேசாகவும், கிளம்பிய கணத்தில் தோளுக்கு வருகிற அளவு விரைவாகவும் துப்பாக்கி இருக்க வேண்டும். ஆனால் அளவுக்கு மீறி லேசாக இருந்தால் தோளை உதைத்துவிடும். இதற்குப் பழைய கைவினைஞர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: தோட்டாவில் இருக்கும் ரவையின் எடையைப் போல் 96 மடங்கு துப்பாக்கி கனக்க வேண்டும். 28 கிராம் ரவைக்கு 2.7 கிலோ. 36 கிராமுக்கு ஏறக்குறைய மூன்றரை. அப்பாவின் இரண்டு துப்பாக்கிகளும் இந்தக் கணக்குக்குள் அடங்கின.

அடுத்தது குழலின் வாய். நுனியில் குழலைச் சற்றே குறுக்கினால் ரவை சிதறாமல் போகும், 'சோக்' என்பார்கள். முழு சோக் உள்ள குழல், 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சுமார் 70 சதவீத ரவையைப் போடும். வாத்துக்கு அது சரி. 20 கஜத்தில் கிளம்பும் கௌதாரிக்கு அது ஒன்று குறி தவறும், இல்லாவிட்டால் பறவையைச் சிதைத்துவிடும். லேசான துப்பாக்கியில் வலது குழல் கால் சோக், இடது அரை சோக். முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடதுக்கு. பக்கத்தில் கிளம்பினால் முன் விசை, தூரத்தில் என்றால் பின் விசை. யோசிக்க நேரமில்லை, விரலே தேர்ந்துகொள்ளும். ஒற்றை விசைத் துப்பாக்கிகள் வந்த பிறகும் மலையில் நடப்பவர்கள் பலர் இரட்டை விசையை விடாததற்கு இதுவே காரணம்.

எல்லாவற்றுக்கும் மேலானது பொருத்தம். ரைஃபிளைப் போல இதில் குறி பார்த்துச் சுடுவதில்லை. பார்வை பறவை மேல் இருக்க வேண்டும். இதற்குப் பின்குறி கிடையாது. சுடுகிறவரின் கண்ணே பின்குறி. எனவே கட்டை சட்டையைப் போல உடம்புக்கு அமைய வேண்டும். கன்னம் படும் இடம் உயர்ந்திருந்தால் ரவை மேலே போகும். தாழ்ந்திருந்தால் கீழே போகும். நீளம் அதிகமானால் அக்குளில் சிக்கும். சோதிப்பது சுலபம்: தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கண்ணைத் திறக்க வேண்டும். குழல் அந்தப் புள்ளியில் நின்றால் துப்பாக்கி உங்களுடையது.

இதையெல்லாம் அவர் கற்றுக்கொண்டது 1968-ன் குளிர்காலத்தில். அப்போது வயது 20. விடுமுறைக்கு வந்த மகனை அப்பா சகோர் சுட அழைத்துச் சென்றார். நிலவொளியைக் குடித்து உயிர் வாழ்வதாகக் கவிஞர்கள் சொல்லும் சகோரப் பறவையேதான். செந்நிற அலகும் கண்ணோரம் கறுப்புப் பட்டையும் உள்ள மலைக் கௌதாரி. மேல்நோக்கி ஓடும், கீழ்நோக்கிப் பறக்கும். மகன் கனமான துப்பாக்கியைப் பிடிவாதமாக எடுத்துக்கொண்டான். பெரிதாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

மதியம் ஒரு கூட்டம் கிளம்பியது. குழல் பறவையின் வேகத்துக்குத் திரும்பவில்லை, பின்னால் இழுபட்டது. விளிம்பு ரவை சில பட்டு, ஒரு பறவை கால் தொங்கப் பறந்து, பாறைகளுக்கு நடுவே இறங்கிற்று. அப்பாவும் மகனும் இருட்டும்வரை தேடினார்கள். பாறை இடுக்குகளில் கைவிட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. இறகு இரண்டு கிடைத்தது. அன்றிரவு பனி கடுமையாகப் பெய்தது. அந்தப் பறவை எங்கோ கிடக்கிறது என்ற நினைப்பில் மகனுக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா திட்டவில்லை. மறுநாள் வேட்டைக்கும் போகவில்லை. முற்றத்தில் நிற்க வைத்து, லேசான துப்பாக்கியைக் காலியாகக் கொடுத்து, நூறு தடவை தோளில் ஏற்றி இறக்கச் சொன்னார். கட்டை மகனுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. இருவருக்கும் ஒரே உயரம், ஒரே தோள். அதற்கு மறுநாள் மலையேறியபோது இரண்டே தோட்டா கொடுத்தார். முதல் குழல் பறவைக்கு, இரண்டாவது குழல் காயம்பட்டதன் வேதனையை முடிப்பதற்கு. இரண்டாவதை வேறு பறவை மேல் திருப்புகிறவன் முதல் பறவைக்குக் கடன்பட்டவன் என்பது அவர் விதி. அன்று மகன் ஒன்று சுட்டான். விழுந்த இடத்திலேயே உயிர் போயிருந்தது. மற்றத் தோட்டா அப்படியே வீடு திரும்பியது.

இரவில் அப்பா அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துக் காட்டினார். 1885-ல் காங்கிரஸ் மகாசபை உருவாகக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், மார்ஷல் என்பவருடன் சேர்ந்து எழுதி 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த இந்திய வேட்டைப் பறவைகள் பற்றிய நூல். அதில் ஒரு மலைக் காடை. 1865-ல் முசூரிக்குப் பின்னால் பெனோக் பக்கம் சுடப்பட்டது. 1876-ல் நைனிதாலை ஒட்டிய ஷேர்-கா-டாண்டா சரிவில் சுடப்பட்டது. அதற்குப் பிறகு அதை உறுதியாகப் பார்த்தவர் யாருமில்லை. உலக அருங்காட்சியகங்களில் அதன் பாடம் செய்த உடல்கள் சுமார் ஒரு டஜன்தான். அது அருகியதற்கு வேட்டைதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கடைசியாகச் சுட்டவர் கையிலும் நல்ல துப்பாக்கிதான் இருந்திருக்கும் என்றார் அப்பா. சுட்டபோது அது கடைசி என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்றும் சொன்னார்.

பிறகு ராணுவம், 1971 போர். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சிறு பறவைகளை லைசென்ஸ் பெற்றுச் சுட அதில் இருந்த வழியையும் 1991-ன் திருத்தம் அடைத்தது. அப்பாவின் துப்பாக்கிகள் மகன் பெயருக்கு மாறின. சகோர் மேல் அவர் மறுபடி குழலைத் திருப்பவே இல்லை. ஆண்டுக்கு இரு முறை எண்ணெய் போட்டுத் துடைப்பார். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார். பறவைக்காகச் செய்த கருவிக்கு அரை நூற்றாண்டு காலம் இருந்த வேலை இவ்வளவே.

கடைக்காரர் தொழில் தெரிந்தவர். அவர் யோசனை தெளிவாக இருந்தது: கனமானதை வைத்துக்கொள்ளுங்கள். அதன் தோட்டா அறை 70 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கிற எந்த 12 போர் தோட்டாவும் போடலாம். விற்றாலும் விலை போகும். லேசானதன் அறை அந்நாளைய 65 மில்லிமீட்டர். ஆபத்து என்னவென்றால், 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதற்குள் நுழைந்து மூடிக்கொள்ளும். தோட்டாவின் நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் அளப்பது. அறை குட்டையாக இருந்தால் வாய் விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறிவிடும். தாத்தா துப்பாக்கியைப் பரணிலிருந்து எடுத்துக் கடைத் தோட்டாவைப் போடுகிற பேரன்களுக்கு இது தெரிவதில்லை. இதை யாரும் வாங்கவும் மாட்டார்கள் என்றார் கடைக்காரர்.

பெங்களூரிலிருந்து மகன் தொலைபேசியில் சொன்ன யோசனை இன்னும் சுருக்கமானது: இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.

கர்னல் லேசானதை எடுத்துத் திறந்து பார்த்தார். காலி. இன்னொரு முறை பார்த்தார். கடைச் சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு தேதியைப் பார்த்துக் கண்ணை மூடித் தோளில் ஏற்றினார். திறந்தபோது குழல் அந்தத் தேதியில் நிற்கவில்லை. ஒரு சாண் தள்ளி நின்றது. கட்டை அக்குளில் இடித்தது. முதுகு வளைந்திருக்கிறது, தோள் ஒடுங்கியிருக்கிறது. துப்பாக்கி அப்படியேதான் இருந்தது. கட்டையை முக்கால் அங்குலம் அறுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று தலையசைத்தார்.

பிறகு கனமானதை எடுத்தார். தோளுக்குக் கொண்டுபோகவில்லை. கையில் எடை பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தார். 52 வருஷத்துக்கு முன் பாறைகளுக்கு நடுவே இறங்கிய பறவை அந்தத் துப்பாக்கியால் காயம்பட்டது. அதில் துப்பாக்கியின் தப்பு ஒன்றுமில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஏரிக்கு வாங்கியதை மலைக்கு எடுத்துப் போனது அவர்.

விலை பேசவில்லை. கனமானதை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார். விற்க முடியாத, இனிச் சுட வேண்டாத, உடம்புக்கும் பொருந்தாத துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டில் மனைவி ஏன் என்று கேட்டபோது, இதை அப்பா தேடி வாங்கினார் என்று மட்டும் சொன்னார். பறவைக்கு வலி தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தது என்பதை அவர் சொல்லவில்லை.

அடுத்த பிப்ரவரியில் மனைவியுடன் பெனோக் போனார். இப்போது அது வனவிலங்குச் சரணாலயம். வெயில் ஏறிய நேரம். கையில் தடியுடன் அவர் மெதுவாக முன்னால் நடந்தார். ஒரு திருப்பத்தில் புல்லுக்குள்ளிருந்து சகோர்கள் ஏழெட்டு ஒரே சமயத்தில் கிளம்பிச் சரிவில் இறங்கின. இடது கால் தானாக முன்னே போயிற்று. தடி தோளுக்கு வந்துவிட்டது. முன்னால் பறந்த ஒன்றைத் தொடர்ந்து தடியின் நுனி நிதானமாகத் திரும்பியது; இந்த முறை பின்தங்கவில்லை. பறவைகள் பள்ளத்தில் மறைந்த பிறகே தடியை இறக்கினார். பின்னால் வந்த மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

எட்டு இருந்தது என்றார் கர்னல். எட்டும் போய்விட்டது.