எங்கள் வீட்டு ஹெரால்டு

பழைய மோட்டார் வண்டியின்பால் மனிதர் கொள்ளும் பற்று விந்தையானது. சென்னையில் 1961ஆம் ஆண்டு முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகளுள் ஒன்றை ஓட்டிக்கொண்டுதான் எம் தந்தையார் ஓசூர் வழியாகப் பெங்களூர் வந்து குடியேறினார். முன்புறமாகச் சாய்ந்து திறக்கும் அதன் பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் முழுதும் கைக்கெட்டும். ஞாயிறுதோறும் அவர் அங்கேதான் இருப்பார்.

சென்னையில் அவ்வண்டியின் உற்பத்தி நின்றபின் உதிரிப்பாகங்கள் அருகின. தந்தையார் ஜே.சி. சாலைக் கடைகளில் வேறு வண்டிகளின் பாகங்களைத் தேடி வாங்கிக் கடைசல் பட்டறையில் அளவு திருத்திப் பொருத்தினார். கார்புரேட்டர் மாறியது, டைனமோ மாறியது, இறுதியில் எஞ்சினே வேறொரு வண்டியினது ஆயிற்று. அவர் மறைந்த பின்னும் வண்டி ஓடுகிறது.

ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. பெரிய மாற்றமின்றி மூல வடிவத்தைக் காத்தவற்றுக்கே அத்தகுதி உண்டு. மூலப் பாகங்களைத் தேடிப் பொருத்திவிடலாமா என வீட்டில் வழக்காடினோம். பொருத்தினால் தந்தையாரின் கைவேலை அனைத்தும் கழன்று போகும். கன்னடம் கற்று, இவ்வூர்த் தண்ணீருக்கும் குளிருக்கும் பழகி, கிடைத்ததைக் கொண்டு வாழ்வைப் பொருத்திக்கொண்ட நமக்கு மட்டும் மூல வடிவம் எங்கே இருக்கிறது?

ஆயுத பூசையன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை உள்ளபடியே ஓட்டிச் சென்றோம்.